சும்பர்வாரு: நாற்பத்தொன்றில் இரண்டு

சும்பர்வாரு
2 பிப்ரவரி 1999

தம்பி திர்த்தோவுக்கு அக்கா வாகினெம் எழுதுவது.

நீயும் ஹெஸ்தியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லோரும் சுகம், குறை ஏதுமில்லை. கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று மூன்றாம் வகுப்பில் சொல்லித் தந்தார்கள். நான்காம் வகுப்புக்குப் போயிருந்தால், குறை இருக்கும்போது எப்படித் தொடங்குவது என்றும் சொல்லித் தந்திருப்பார்களோ என்னவோ.

கையுறை ஆலையை மூடிவிட்டார்கள். ஒரு மாதம் விடுமுறை என்றுதான் சொன்னார்கள். போன திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கேட்டில் சங்கிலி. காவலாளி சொல்கிறான்: "உள்ள எலி மட்டுந்தான்க்கா இருக்கு. அதுக்கும் சம்பளம் கிடையாது." பதினோரு வருஷம் இடது கைக் கட்டைவிரல் மட்டும் தைத்தேன், தெரியுமா? எங்கேயோ பணக்காரர்கள் குச்சியால் பந்தடிக்க ஒரு கைக்கு மட்டும் உறை மாட்டுவார்களாம். வலது கையைத் தைக்கத் தெரியுமா என்று யாராவது கேட்டால் நான் முழிக்க வேண்டியதுதான்.

உன் மச்சான் பைமினும் ஜகார்த்தாவில் கட்டட வேலை நின்றுபோய்ப் போன வருஷமே வீட்டுக்கு வந்தாயிற்று. இப்போது வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். எனக்குக் கிடைத்தது அவர் முகம். பாவம், அவருக்கு என் முகம்.

ஹாங்காங் வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்கிற அம்மா ஒருத்தி மோட்டார் சைக்கிளில் வருகிறாள். "ரெண்டே வருஷம்க்கா, கண்ண மூடித் தொறந்தா முடிஞ்சிரும்" என்றாள். "என் மக லாராஸுக்கு ஒம்பது வயசும்மா. நான் கண்ணத் தொறக்கறப்போ பதினொண்ணு ஆயிருக்கும்" என்றேன். இன்னும் சரி சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

நீ எப்போது வருகிறாய்? இரண்டு வருஷமாகிறது.

அக்கா.


மாவட்டத் தலைநகர்
9 பிப்ரவரி 1999

மதிப்புக்குரிய வாகினெம் அக்காவுக்கு,

தாங்களும் மச்சானும் லாராஸும் நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் நலம். ஹெஸ்தி மூன்று மாதக் கர்ப்பமாக இருக்கிறாள்.

ஆலைச் செய்தி வருத்தம் தந்தது. ஆனால் ஒரு நல்ல செய்தியும் உண்டு. நான் இப்போது கணக்கெடுப்பு அலுவலகத்தில் ஒப்பந்த ஊழியன். நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, எத்தனை பேருக்கு இல்லை என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். எனக்குக் கொடுத்த ஊர்களில் நம் சும்பர்வாருவும் இருக்கிறது. பதினாறு வீடுகள். நம் வீடும் அதில் வந்திருக்கிறது.

இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் கால்வாய் வெட்டும் நிவாரண வேலையை எந்த ஊருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வார்களாம். ஐந்து பேரில் ஒருவருக்கு வேலையில்லை என்றால் போதும், அந்த ஊருக்கு ஒரு வருஷ வேலை. ஆண் பெண் எல்லோருக்கும் உண்டு. எனவே ஹாங்காங்குக்கு அவசரப்பட வேண்டாம்.

20-ஆம் தேதி சனிக்கிழமை நேரில் வருகிறேன். அதற்குள் நம் தெருவில் யார் யார் என்ன செய்கிறார்கள், வாரத்தில் எத்தனை மணி நேரம் என்று விவரமாக எழுதுங்கள். ஊர்ச் சேதி கேட்டு நாளாயிற்று. தங்கள் கடிதத்தை ஹெஸ்தியிடம் படித்துக் காட்டினேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

பணிவுடன்,
திர்த்தோ.


சும்பர்வாரு
14 பிப்ரவரி 1999

என் தம்பி, அரசாங்க அதிகாரி திர்த்தோ அவர்களின் சமூகத்துக்கு,

ஹெஸ்தி வயிற்றில் இருப்பதற்கு என் முதல் சலாம், உனக்கு அப்புறம்தான். குழந்தை அவள் ஜாடையில் பிறக்கட்டும். உன் மூக்கை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

சிரித்தாள் என்றால் இன்னும் எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கார்சியின் புருஷன் திமான் இருக்கிறானே, அவனும் ஆலையில் சுமை தூக்கியவன்தான். இப்போது ஊரார் வளர்க்கிற கூண்டுப் புறாக்களுக்கெல்லாம் கூவக் கற்றுக்கொடுக்கிறான். காலையில் மூன்று மணி நேரம் புறாவுக்கு முன்னால் குந்திக்கொண்டு இவன் கூவுகிறான், புறா இவனை வேடிக்கை பார்க்கிறது. கூலி ஒரு கிராம்பு சிகரெட். "ஏன்டா, புறா கூவலைன்னா?" என்று கேட்டேன். "அப்ப அரை சிகரெட்டுக்கா" என்றான். இவனைப் பறவைப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்றே எழுதிக்கொள்.

கார்சி அவள் அண்ணியின் கடையில் போய் ஈ ஓட்டுகிறாள், தினமும் இரண்டு மணி நேரம். சம்பளம் இல்லை, சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருக்கலாம், அவ்வளவுதான். உன் மச்சான் அடுத்தவர் வயலுக்கு மடை திறந்துவிடுகிறார். திறக்க ஐந்து நிமிஷம், அதைப் பற்றிப் பேச ஒரு மணி நேரம். கோடி வீட்டுக் கிழவர் ஆற்றில் மணல் அள்ளுகிறார், லாரிதான் வருவதில்லை. நான் வெள்ளிக்கிழமை தொழுகை விடும் நேரம் மசூதி வாசலில் வாழைப்பழ பஜ்ஜி விற்கிறேன். பாதியை லாராஸ் தின்றுவிடுகிறாள், மீதி கடன். மற்ற வீட்டுக் கதையெல்லாம் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், ஹெஸ்திக்குப் படித்துக் காட்டு.

சனிக்கிழமை பலாக்காய்க் குழம்பு வைக்கிறேன். காலை பஸ்ஸிலேயே வா.

அக்கா.


சும்பர்வாரு
24 பிப்ரவரி 1999

தம்பிக்கு,

சுகம்தானே? மழையில் எங்கும் மாட்டிக்கொள்ளவில்லையே?

சனிக்கிழமை மூன்று பஸ் பார்த்தேன். முதல் பஸ்ஸில் கோழி வந்தது. இரண்டாவதில் மெத்தை விற்கிறவன் வந்தான், தூரத்தில் உன்னைப் போலவே இருந்தான், லாராஸ் ஓடிப் போய்க் கையைப் பிடித்துவிட்டாள். மூன்றாவது பஸ் நிற்கவே இல்லை. கணக்கெடுக்க வருகிறார்கள் என்று பதினாறு வீட்டுக்காரர்களும் குளித்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திமான் தலைக்கு எண்ணெய்கூட வைத்துக்கொண்டான். சாயங்காலம், "என்னக்கா, உன் அதிகாரி தம்பி பாதி வழியில நம்மள எண்ணி முடிச்சிட்டுத் திரும்பிட்டாரா?" என்று கிண்டல் செய்தான்.

குழம்பை அவனே குடித்தான். அடுத்த சனிக்கிழமை வருகிறாயா? ஒரு வரி போடு.

அக்கா.


மாவட்டத் தலைநகர்
15 மார்ச் 1999

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

அனைவரின் நலமும் அறிய ஆவல். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். அலுவலகத்தில் வேலை கழுத்து வரை. ஒரு மாதத்தில் ஒன்பது ஊர். ஹெஸ்திக்கு வாந்தி நிற்கவில்லை.

தங்கள் கடிதங்கள்தான் எங்களுக்கு ஆறுதல். இன்னும் சில விவரங்கள் எழுத முடியுமா? கார்சி வேறு வேலை தேடுகிறாளா? திமானுக்கு இன்னும் அதிக நேரம் வேலை செய்ய விருப்பம் உண்டா? மணல் அள்ளும் தாத்தாவின் வயது என்ன? மச்சான் மடை திறப்பது வாரத்தில் எத்தனை நாள்? எல்லோரையும் நினைத்துக்கொள்கிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

பணிவுடன்,
திர்த்தோ.


சும்பர்வாரு
22 மார்ச் 1999

தம்பிக்கு,

ஹெஸ்திக்கு இஞ்சியைத் தட்டிப் பனைவெல்லம் போட்டுக் கொடு. நீயும் ஒரு வாய் குடி, ஞாபகசக்தி வரும். எப்போது வருகிறாய் என்று நான் கேட்டதற்குப் பதிலே இல்லையே.

கல்யாணமானதும் ஊரை மறந்துவிடுவாய் என்று நினைத்தேன். நீ என்னடா என்றால் கோடி வீட்டுத் தாத்தாவின் வயதைக்கூடக் கேட்கிறாய். உன் கடிதத்தைக் கார்சியிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். "என் கூடப் பொறந்தவங்ககூட நான் வேல தேடுறேனான்னு கேட்டதில்லக்கா" என்று சொல்லிக் கண் கலங்கிவிட்டாள்.

தாத்தாவுக்கு அறுபத்தெட்டு. கார்சி வேலை தேடவில்லை. எங்கே தேடுவாள், சோற்றுப் பானைக்குள்ளா? ஆலை மூடிக் கிடக்கிறது, அடுத்த ஆலைக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், அங்கேயும் சங்கிலி. திமானுக்கு விருப்பம் உண்டா என்றா கேட்கிறாய்? நாள் முழுக்க மூட்டை தூக்கச் சொன்னால் அழுதுகொண்டே முத்தம் கொடுப்பான். மச்சான் வாரத்தில் நான்கு நாள்.

ஹாங்காங் அம்மா மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாள். கால்வாய் வேலை வருகிறது, என் தம்பி சொல்லியிருக்கிறான் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். லாராஸ் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

அக்கா.


சும்பர்வாரு
11 ஜூன் 1999

திர்த்தோவுக்கு,

உன் உடம்பு எப்படி? ஹெஸ்திக்கு மாதம் நெருங்குகிறதே, கால் வீக்கம் இருக்கிறதா?

மூன்று மாதமாக உன் கடிதம் இல்லை. குழந்தை வேலை என்று நினைத்திருந்தேன்.

கால்வாய்ப் பட்டியல் வந்தது. நம் ஊர் இல்லை. ஊர்த்தலைவர் பட்டணத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். யாரோ நல்ல மனுஷர் தாளை எடுத்துக் காட்ட, நம்மவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு வந்துவிட்டார். நேற்று மசூதி வாசலில் எல்லோரையும் கூட்டிப் படித்தார்.

சும்பர்வாரு. பதினாறு வீடு. வேலை செய்யும் வயதில் நாற்பத்தொரு பேர். வேலையில்லாதவர் இரண்டு பேர். கணக்கெடுத்த நாள் பிப்ரவரி 20, கேட்டு எழுதியவர் திர்த்தோ.

அப்புறம் பெயர் பெயராகப் படித்தார். கார்சி, கடையில் குடும்ப உதவி, பதினான்கு மணி நேரம், வேறு வேலை தேடவில்லை. பைமின், நீர்ப்பாசனப் பணி, வாரம் நான்கு நாள். வாகினெம், உணவு வியாபாரம். திமான், பறவைப் பயிற்சியாளர், இருபத்தொரு மணி நேரம்.

பறவைப் பயிற்சியாளர் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். முதலில் சிரித்ததே நான்தான். பிறகு சிரிப்பு நின்றது, ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். இந்த ஊரில் இப்படிக் கிண்டல் பண்ணுகிற வாய் ஒன்றுதான் இருக்கிறது.

கார்சி எழுந்தாள். "அன்னைக்கு எங்கிட்டக் காட்டின கடுதாசி இதுக்குத்தானாக்கா?" அவ்வளவுதான் கேட்டாள். திமான் எழுந்து போய்விட்டான். இன்று காலையிலிருந்து கூண்டை எடுத்துக்கொண்டு வேறு தெருவழியாகப் போகிறான்.

எனக்கு எண்ணத் தெரியாது, உனக்குத் தெரியும். நீயே எண்ணிச் சொல். நீ எழுதிய இரண்டு கடிதத்தில் அக்காவுக்கு எழுதிய வரி எத்தனை, படிவத்துக்கு எழுதிய வரி எத்தனை?

வாகினெம்.


மாவட்டத் தலைநகர்
29 ஜூன் 1999

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே. ஹெஸ்திக்கு ஆகஸ்டில் நாள் குறித்திருக்கிறார்கள்.

நடந்ததைத் தவறாக நினைக்க வேண்டாம். அந்தச் சனிக்கிழமை கிளம்பித்தான் வந்தேன். ஆற்றுப் பாலம் முங்கியிருந்தது. திங்கட்கிழமை படிவங்களைக் கொடுத்தாக வேண்டும். கையில் தங்கள் கடிதம் இருந்தது. சில கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று மார்ச்சில் படிவங்களைத் திருப்பித் தந்தார்கள், அதற்குத்தான் மறுபடி விவரம் கேட்டேன். நேரில் வந்திருந்தாலும் தாங்கள் சொல்லியிருப்பது அதுதானே? பொய்யாக எதுவும் எழுதவில்லை. ஒரு வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே வேலையில் இருப்பவர் என்பது விதி. சம்பளமில்லாமல் குடும்பக் கடையில் உதவினாலும் வேலைதான். அந்த விதியை நான் எழுதவில்லை.

அக்கா, உங்கள் ஊர்த்தலைவர் புகாரால் ஜூலையில் ரெட்னோ என்ற மேலதிகாரி சும்பர்வாருவுக்கு வருகிறார். கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்தாரா என்ற ஒரே கேள்விதான் கேட்பார். வந்தார் என்று நீங்கள் சொன்னால் மற்றவர்களும் சொல்வார்கள். உங்கள் பேச்சை ஊர் கேட்கும். செப்டம்பரில் என்னை நிரந்தரமாக்குவதாக இருக்கிறது. பிறக்கப் போகும் குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமானால் லாராஸின் படிப்பு முழுவதும் என் பொறுப்பு.

உங்கள் தம்பி,
திர்த்தோ.


சும்பர்வாரு
21 ஜூலை 1999

திர்த்தோவுக்கு,

ஹெஸ்தியைக் கனமான வாளி தூக்க விடாதே.

உன் மேலதிகாரி வந்தார்கள். நல்ல அம்மா. செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள், நான் வைத்த பஜ்ஜியை வேண்டாம் என்று சொல்லாமல் தின்றார்கள். நீ எழுதியபடி அந்த ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கார்சி துணி காயப்போடுவது போல நின்றாள். ஒரே சட்டையை மூன்று தடவை உதறினாள்.

வந்தார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக, தம்பி. நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பாலம் முங்கியது உண்மையா என்று ஒரு யோசனை வந்தது. அன்றைக்கு மூன்று பஸ் வந்ததே, கோழி வந்ததே, மெத்தைக்காரன் மெத்தையோடு வந்தானே.

"வரலைங்கம்மா" என்றேன்.

"அப்ப இவ்வளவு விவரம் அவருக்கு எப்படிக் கெடச்சுது?"

உன் கடிதங்களைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். மூன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அந்த அம்மா படித்தார்கள். மூன்றாவதை மட்டும் இரண்டு தடவை படித்தார்கள். "இதெல்லாம் நான் வச்சிக்கலாமா? யோசிச்சுச் சொல்லுங்க. உங்க தம்பிதானே?" என்று கேட்டார்கள். "வச்சிக்கங்கம்மா. எனக்கு எழுதுனதில்ல அது" என்றேன்.

அடுத்த மாதம் திரும்பவும் வீடு வீடாகக் கணக்கெடுப்பார்களாம்.

ஹெஸ்தி என்னைத் திட்டினால் திட்டட்டும். அவளுக்கு உரிமை உண்டு.

வாகினெம்.


மாவட்டத் தலைநகர்
2 அக்டோபர் 1999

அக்கா,

ஆகஸ்ட் 17-இல் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. ஹெஸ்தியின் மாமா கடையில் போய் உட்கார்ந்திருக்கிறேன்.

லாராஸுக்கு என் அன்பு.

திர்த்தோ.


சும்பர்வாரு
5 நவம்பர் 1999

தம்பிக்கு,

குழந்தைக்கு என்ன பெயர் வைத்தாய்? எழுதவே இல்லையே. உன் கடிதத்தில் முதல் தடவையாக ஒரு கேள்வியும் இல்லை. அதனால் யாரும் கேட்காமலே சொல்கிறேன், நான் சுகம்தான்.

மறு கணக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் வந்தார்கள், மழைச் சேறோடு பதினாறு வீட்டுக்கும் ஏறி இறங்கினார்கள். குறுக்குவழியே கிடையாது. என்னிடம் கேட்டார்கள்: "போன வாரம் ஒரு மணி நேரமாவது ஏதாவது வேலை பாத்தீங்களா?" வெள்ளிக்கிழமை பஜ்ஜி விற்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். தம்பியைப் பற்றியே உண்மை பேசிய வாய் பஜ்ஜிக்காகவா பொய் சொல்லும்? விற்றேன் என்றேன். திமான், "புறாவுக்குச் சொல்லித்தறேன் சார்" என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். கார்சி கடையைச் சொன்னாள். இன்னும் வேலை வேண்டுமா என்று கேட்டு, அதற்கென்று இருக்கிற வேறு கட்டத்தில் ஆமாம், ஆமாம் என்று எழுதிக்கொண்டார்கள். கால்வாய்க்காரர்கள் அந்தக் கட்டத்தைப் பார்ப்பதில்லையாம்.

முடிவு வந்துவிட்டது. நாற்பத்தொரு பேரில் வேலையில்லாதவர் இரண்டு பேர். ஆள்தான் வேறு. வேலையில்லை என்று நீ எழுதிய இருவருக்கும் இப்போது வேலை இருக்கிறது. மணல் தாத்தாவுக்கும் தையல்கார ஸ்ரீயாத்திக்கும் இல்லை. தாத்தாவுக்குக் கால் உடைந்துவிட்டது, பாவம்.

கால்வாய் வராது. செவ்வாய்க்கிழமை ஹாங்காங் பயிற்சி முகாமுக்குக் கிளம்புகிறேன். சாமான்களைக் கட்டக் கார்சி வந்தாள். கயிற்றை இழுத்துக்கொண்டே, "அங்க போயி எங்களப் பத்தி யாருக்கும் எழுதிடாதேக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள். லாராஸ் என்னோடு பேசுவதில்லை. நான் பார்க்காத நேரத்தில் என் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்த சட்டைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கி வைக்கிறாள். நான் மறுபடி எடுத்து வைக்கிறேன். நாலு நாளாக இதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வரும்.

நீ பொய் எழுதவில்லை என்றாய். சரிதான், தம்பி. உட்கார்ந்த இடத்தில் நீ எழுதிய எண்ணும் அவர்கள் சேறு மிதித்து எழுதிய எண்ணும் ஒன்றுதான். அன்று நீ வந்திருந்தாலும் கால்வாய் வந்திருக்காது. நான் போகத்தான் வேண்டியிருந்திருக்கும்.

ஆனால் நீ வந்திருப்பாய்.

அக்கா.